ஆறாம் இடத்துக்குப் பின்னால் நிற்பவள்

திருப்போரூர்
12-6-2024

‘நரம்பிசை’ மாத இதழின் ஆசிரியர் சிவராம் அவர்களுக்கு,

போனில் மூன்று முறை கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடு விழுந்தது, பதில் விழவில்லை. அதனால்தான் பதிவுத் தபால். ஒப்புகை அட்டையில் நீங்கள் கையெழுத்துப் போட்டே தீர வேண்டும். படிக்கவில்லை என்று இனி சொல்ல முடியாது.

ஜூன் மாதப் புத்தகத்தில் “தமிழ்நாட்டின் தலைசிறந்த இருபத்தைந்து ராக் கிதார் கலைஞர்கள்” என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். ஆறாம் இடம் மாமல்லபுரம் ‘கல்லலை’ குழுவின் அபிஷேக்குக்கு. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லா வாசிக்கிற பையன். அந்தக் குழுவுக்கு மூன்று வருடமாக மைக் செட் போடுகிறவள் நான். பர்வதம் சவுண்ட் சர்வீஸ் என்று திருப்போரூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் வாசிப்பை உங்களைவிட அதிகம் கேட்டிருக்கிறேன்.

அவனைப் பற்றி எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். “அபிஷேக்கின் விரல்களில் தீ இருக்கிறது. பின்னால் நின்று ஒத்து ஊதும் கீர்த்தனா இல்லாவிட்டாலும் அந்தத் தீ இப்படித்தான் எரியும்.”

கீர்த்தனா என் மகள் வயிற்றுப் பேத்தி. அந்தக் குழுவில் ரிதம் கிதார், அதாவது அபிஷேக்கின் வாசிப்புக்கு அடியில் சீராகப் போகிற கிதார், வாசிக்கிறாள். அவளைப் பட்டியலில் போடவில்லை, அது உங்கள் இஷ்டம். பட்டியலில் இல்லாதவளை எதற்குக் கூப்பிட்டு நிறுத்தி அடித்தீர்கள்? ஊரில் எத்தனையோ பேர் கிதார் வாசிக்கவில்லை. அவர்களையெல்லாம் பெயர் போட்டு எழுதினீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனாள். ஆறாம் இடத்துக்காரர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். “இன்னா கீர்த்தி, நீ இல்லாட்டியும் எரியுமாமே, புக்குலயே போட்டுட்டாங்க” என்று சிரித்திருக்கிறான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான் என்று இவள் சொல்கிறாள். ஆனால் அங்கே ஜாய்ஸ் என்று ஒரு பெண், திருவிடந்தை கடற்கரை விடுதியில் கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்கிறவர், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் விளையாடவில்லை. “அப்ப ஜூலை புரோகிராமுக்கு மூணு பேரே வாங்களேன். மேடை சின்னது” என்று சொல்லிவிட்டார். பாடுகிற முஜீபும் அபிஷேக்கும் தரையைப் பார்த்தார்கள். டிரம்ஸ் அடிக்கிற ஷாரோன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

இவள் கிதாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து, பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததிலிருந்து அந்தப் பை என் கோடவுனில் ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்கு நடுவில் நிற்கிறது. கேட்டால், “வுடு ஆயா. பேஜாரு பண்ணாத. அவங்களுக்கு நான் தேவையில்லன்னா போறேன்” என்கிறாள்.

நான் விடுவதாக இல்லை. அடுத்த புத்தகத்தில் அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெ. பர்வதம்


செங்கல்பட்டு
20-6-2024

அன்புள்ள வாசகி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டேன்.

தரவரிசை என்பது உலகெங்கும் இசை இதழ்கள் கடைப்பிடிக்கும் மரபு. வெளிநாட்டு இதழ்கள் நூறு பேர் என்றும், இருநூற்றைம்பது பேர் என்றும் பட்டியல் போடுகின்றன. சில ஆண்டுகள் கழித்து மாற்றியும் போடுகின்றன. ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டைதான் பட்டியலின் அழகு. எங்கள் ஜூன் இதழுக்கும் இதுவரை நாற்பத்தொரு கண்டனக் கடிதங்கள் வந்துள்ளன. தங்களுடையது நாற்பத்திரண்டாவது.

எங்கள் பட்டியல் மனம்போன போக்கில் தயாரானதல்ல. மூன்று நடுவர்கள் மதிப்பெண் இட்டார்கள். வேகத்துக்கு நாற்பது, தெளிவுக்கு முப்பது, கற்பனைக்கு இருபது, மேடைக் கவர்ச்சிக்குப் பத்து. இந்த அளவுகோலில் ரிதம் கிதார் கலைஞர்கள் யாருமே வர முடியாது. இதில் தங்கள் பேத்தி மீது தனிப்பட்ட காழ்ப்பு எதுவும் இல்லை. கர்நாடகக் கச்சேரிகளைப் பற்றி எழுதும்போது தம்புராவுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லையே.

“ஒத்து ஊதும்” என்பது தமிழில் வழக்கில் உள்ள மரபுத்தொடர். ஒருவருக்குத் துணையாக இருப்பது என்ற பொருளில்தான் கையாண்டேன். ஒரு குழு தன் உறுப்பினரைச் சேர்ப்பதும் விலக்குவதும் அக்குழுவின் உள்விவகாரம். அதற்கு இதழ் பொறுப்பேற்க இயலாது.

பட்டியல் குறித்த தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. தங்கள் கடிதத்தில் ஏழு எழுத்துப் பிழைகள் இருந்தன. வாசகர் பகுதியில் வெளியிட நேர்ந்தால் அவற்றை நாங்களே திருத்திக்கொள்வோம்.

அன்புடன்,
சிவராம்
ஆசிரியர், ‘நரம்பிசை’


திருப்போரூர்
27-6-2024

ஆசிரியர் அவர்களுக்கு,

என் கடிதத்தில் ஏழு பிழை. அது உங்கள் மேசையோடு போயிற்று. உங்கள் பிழை ஒன்றுதான், ஆனால் அது அச்சில் ஏறி ஊர் ஊராகப் போயிருக்கிறது. எது பெரிது என்று நீங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

சில வருடம் கழித்துப் பட்டியலை மாற்றுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதலில் போட்டது தப்பா, பிறகு போட்டது தப்பா? உங்கள் பட்டியலில் முதல் இடத்தில் இருக்கிறவர் இருபத்தாறு வருடமாக மேடை ஏறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மேடைக் கவர்ச்சிக்குப் பத்துக்கு ஒன்பது. எந்த மேடையைப் பார்த்துப் போட்டீர்கள்? பதினோராம் இடத்தில் இருக்கிற பையனின் அப்பா வைத்திருக்கிற கிதார் கடைதான் உங்கள் பின்னட்டையில் விளம்பரமாக இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

வேகத்துக்கு நாற்பது. சரி. காலத்துக்கு எத்தனை? நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது பாட்டு ஓடாமலும் தூங்காமலும் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு எத்தனை? கூட்டிப் பார்த்தேன். நாற்பது, முப்பது, இருபது, பத்து, நூறு முடிந்துவிட்டது. அதற்கு இடமே வைக்கவில்லை நீங்கள். பந்தியில் இலை போடாமல் விட்டுவிட்டு, அவர் சாப்பிடவே இல்லை என்று எழுதுகிறீர்கள்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

ஒத்து என்பதை நீங்கள் மரபுத்தொடர் என்கிறீர்கள். எனக்கு அது என் வீட்டுக்காரர். முத்துசாமி என்று பெயர். கல்யாணங்களிலும் சாமி புறப்பாட்டிலும் நாயனக்காரருக்குப் பக்கத்தில் நின்று இருபத்திரண்டு வருடம் ஒத்து ஊதினார். உங்களுக்குத் தெரியாதோ என்னவோ, அதுவும் நாயனம் போலவே நீளக் குழல்தான். ஆனால் விரல் வைத்து வாசிக்க வேலை இல்லை. ஒரே சுரம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்து, இழுக்கிற நேரத்திலும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்வலம் மூன்று மணி நேரம் என்றால் அந்த ஒரு சுரம் மூன்று மணி நேரம். அது அறுந்தால் நாயனக்காரர் நிற்க இடம் இல்லாமல் தவிப்பார்.

செய்யூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் நாயனக்காரருக்கும் இவருக்கும் பேச்சு முற்றிவிட்டது. “யோவ், நீ இன்னா வாசிக்கிற? ஊதுற, அவ்ளோதான்” என்று அவர் சொல்ல, இவர் குழலை ஜமக்காளத்தில் வைத்துவிட்டு, “ஊதல அண்ணாத்த. நீங்க வாசிங்க” என்றாராம். அவர் வாசித்தார். முகூர்த்தம் முடிவதற்குள் அவரே குனிந்து குழலை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

இப்போது அதற்குப் பெட்டி வந்துவிட்டது, பொத்தானை அமுக்கினால் ஊதுகிறது. அதற்காக நான் அழவில்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் மைக் செட் வாங்கினோம், நன்றாக இருந்தோம். ஆனால் கேளுங்கள். அந்தப் பெட்டியையாவது எவனாவது “நீ இல்லாவிட்டாலும்” என்று சொல்கிறானா?

அதனால் ஒத்து என்ற சொல்லை எடுக்க வேண்டாம். அது இருக்கட்டும், எங்களுக்கு அதில் வெட்கம் இல்லை. “இல்லாவிட்டாலும்” என்று போட்டீர்களே, அந்தச் சொல்லை எடுங்கள்.

அவளில்லாமல் அவர்கள் வாசிப்பதை நீங்கள் கேட்டதுண்டா? இல்லை, ஏனென்றால் இதுவரை அப்படி வாசித்ததே இல்லை. கேட்காததை எழுதியிருக்கிறீர்கள். ஜூலை 21, ஞாயிறு மாலை ஆறு மணி, திருவிடந்தை விடுதி. மூன்று பேர் வாசிக்கப் போகிறார்கள். வந்து கேளுங்கள். செட் என்னுடையதுதான். பேத்தி இல்லாத மேடைக்கு எப்படிப் போடுவாய் என்று கேட்காதீர்கள். ஒப்புக்கொண்ட வேலை.

வெ. பர்வதம்


செங்கல்பட்டு
9-7-2024

பர்வதம் அம்மா அவர்களுக்கு,

பின்னட்டை பற்றித் தாங்கள் எழுதியது அவதூறு. அந்தக் கடைக்காரர் நடுவர் குழுவிலும் இருந்தார் என்பது உண்மை. தன் மகனுக்கு அவர் மதிப்பெண் போடவில்லை. மற்ற இருவர்தான் போட்டார்கள். இதை அச்சில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒத்து ஒரு மனிதரின் வேலை என்று எனக்குத் தெரியாது. நான் அலுவலக வேலைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவன். அந்தச் சொல்லை வசவாக மட்டுமே கேட்டு வளர்ந்தேன். அகராதியில் பார்த்தேன், முதல் பொருளாகவே தாங்கள் சொன்னதுதான் இருக்கிறது. அதற்காக வருந்துகிறேன்.

ஆனால் “இல்லாவிட்டாலும்” என்பது என் கருத்து. கருத்தைக் கடிதத்துக்குப் பயந்து மாற்றிக்கொள்கிறவன் பத்திரிகை நடத்தக் கூடாது. 21ஆம் தேதி வருகிறேன். கேட்டுவிட்டு எழுதுகிறேன். என் கருத்தே சரி என்று பட்டாலும் எழுதுவேன், தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிவராம்


செங்கல்பட்டு
24-7-2024

பர்வதம் அம்மா அவர்களுக்கு,

வந்தேன். தாங்கள் மேடைக்கு எதிரே தூரத்தில் மிக்ஸர் மேசையில் இருந்தீர்கள். வந்து வணக்கம் சொல்லலாமா என்று நினைத்தேன். தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வரவில்லை.

நாற்காலிகள் நிரம்பியிருந்ததால் மேடைக்கு இடது ஓரம், அபிஷேக் நின்ற பக்கம், தூணில் சாய்ந்து நின்றேன். முதல் பாட்டு தொடங்கியபோது, என் கருத்துதான் சரி என்று மனத்துக்குள் வாக்கியம்கூட அமைத்துவிட்டேன். இரண்டாவது பாட்டில் அந்த வாக்கியம் ஆடியது. ஏதோ சரியில்லை. இருபது ஆண்டுகளாக விமர்சனம் எழுதுகிறேன், எது சரியில்லை என்று எனக்கே சொல் கிடைக்கவில்லை. அபிஷேக் வியர்த்து வழிய வாசித்தார். முதல் பாட்டுக்கு வந்த கைதட்டல் அதற்குப் பிறகு வரவில்லை. நான்காவது பாட்டில் ஜனங்கள் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். ஜாய்ஸ் அம்மையார் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றார்.

தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆகஸ்ட் இதழில் வரப்போகும் திருத்தம் இது:

“ஜூன் இதழில், கீர்த்தனா இல்லாவிட்டாலும் அபிஷேக்கின் தீ எரியும் என்று எழுதினோம். அவர் இல்லாத கல்லலையைக் கேட்காமலே எழுதினோம். இப்போது கேட்டோம். எரியவில்லை. ஒத்து என்ற சொல்லை அதன் பொருள் அறியாமல் இழிவாகக் கையாண்டதற்கும் வருந்துகிறோம்.”

ஆகஸ்ட் மூன்றாம் தேதி அச்சுக்குப் போகிறது. இந்தச் செய்தி எப்படியோ குழுவுக்கு எட்டியிருக்கிறது போலும். நேற்று அபிஷேக்கே போன் செய்து, “சார், அவள திரும்பக் கூப்புடப் போறேன். உங்க புக்கு வரட்டும், அத காட்டிக் கூப்புட்டா வருவா” என்றார். குரல் சோர்ந்திருந்தது.

தங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கும் என்று நம்புகிறேன்.

சிவராம்


திருப்போரூர்
28-7-2024

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

அந்தத் திருத்தத்தைப் போடாதீர்கள். அச்சுக்குப் போவதற்குள் நிறுத்துங்கள்.

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்கிறேன்.

அபிஷேக்கின் கிதார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் வைப்பேன். அது என் மிக்ஸருக்கு வரும். மிக்ஸரில் ஆளுக்கு ஒரு கட்டை, மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். ஒவ்வொன்றுக்கும் கீழே பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருப்பேன். அன்றைக்கு “கீர்த்தி” என்று எழுதின பிளாஸ்திரி பழையபடி ஒட்டியே இருந்தது. அதன் கட்டை அடியில் கிடந்தது. பக்கத்தில் “அபி” கட்டை உச்சியில் நின்றது.

முதல் பாட்டு முடிந்து ஜனங்கள் கைதட்டினார்கள். அவன் தலையைக் குனிந்து சிரித்தான். “இல்லாவிட்டாலும்” என்று இவனையும் ஜனங்கள் சொல்லிப் பார்க்கட்டுமே என்று தோன்றியது. கை போய்விட்டது. இரண்டு விரல் அகலம் கீழே இழுத்தேன். மூன்றாவது பாட்டில் இன்னும் ஒரு விரல்.

முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கட்சிக் கூட்டத்துக்குப் போட்டிருக்கிறேன், எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கும் போட்டிருக்கிறேன். மைக் பிடித்தவன் யாராக இருந்தாலும் சத்தத்தில் வஞ்சம் வைத்ததில்லை. அன்றைக்கு வைத்தேன். ஜனங்கள் எழுந்து போனது கீர்த்தனா இல்லாததால் அல்ல. நான் அவன் கழுத்தைப் பிடித்ததால்.

உங்கள் கடிதத்தில் அவன் குரல் சோர்ந்திருந்தது என்று படித்தேன். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

நீங்கள் எழுதின வரிமேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் இருக்கிறது. அது ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் களவாடின ஜெயத்தை என் பேத்தி கையில் கொடுக்க மாட்டேன்.

வெ. பர்வதம்


செங்கல்பட்டு
1-8-2024

பர்வதம் அம்மா,

திருத்தத்தை நிறுத்திவிட்டேன்.

கேட்காததை எழுதினேன் என்று என்னைக் கூண்டில் ஏற்றினீர்கள். வந்து கேட்டேன். கேட்டதையும் நீங்களே சமைத்துத் தந்திருக்கிறீர்கள்! நூறு பேர் முன்னால் ஒரு கலைஞனை ஊமையாக்கிவிட்டு, அவனைப் பற்றி எழுத என்னை அழைத்து வந்திருக்கிறீர்கள். பின்னட்டை விளம்பரத்தைப் பற்றி எனக்கு அறிவுரை வேறு.

திருத்தமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஜூன் இதழில் வந்தது வந்ததுதான்.

சிவராம்


செங்கல்பட்டு
11-8-2024

பர்வதம் அம்மா அவர்களுக்கு,

சென்ற கடிதத்தைக் கோபத்தில் எழுதினேன். அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் மேலும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஏமாற்றப்பட்டேன் என்றால் எந்த இடத்தில் ஏமாற்றப்பட்டேன் என்று தெரிந்துகொள்ள, அன்று கைப்பேசியில் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டேன். கிதார் சத்தம் கணீரென்று இருக்கிறது. குழம்பிப் போனேன். பிறகுதான் உறைத்தது. நான் நின்றது அபிஷேக்கின் ஆம்ப் பெட்டிக்கு ஆறடி தள்ளி. எனக்குக் கேட்டது அவர் பெட்டி. நீங்கள் குறைத்தது ஜனங்கள் பக்கம் இருந்த உங்கள் பாக்ஸில். நாற்காலிக்காரர்களுக்குச் சத்தம் குறைந்தது. எனக்குக் குறையவே இல்லை.

அப்படியானால் எனக்கு எது சரியில்லாமல் பட்டது? தாளத்தை எண்ணிக் காட்டும் ஒரு செயலி என்னிடம் இருக்கிறது. பதிவை அதில் வைத்துப் பார்த்தேன். முதல் பாட்டு நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு தட்டில் தொடங்கி நூற்றிருபத்து நான்கில் முடிகிறது. நீங்கள் கட்டையைத் தொடுவதற்கு முந்தின பாட்டு அது. அடுத்ததில் இன்னும் மோசம். ஏப்ரலில் அவர்கள் நால்வரும் அதே பாட்டை வாசித்த பதிவைத் தேடி எடுத்து வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டில் தொடங்கி நூற்றுப் பன்னிரண்டில் முடிகிறது.

டிரம்ஸ் இருக்கும்போது பாட்டு எப்படி ஓடும் என்று ஷாரோனுக்கே போன் போட்டேன். “சார், நான் அவன பாத்து அடிக்கவே மாட்டேன். கீர்த்தி கையத்தான் பாத்துகினு அடிப்பேன். அன்னிக்கு அந்தப் பக்கம் திரும்புனா ஆளே இல்ல. அபி ஓடுனான், நானும் பின்னாடியே ஓடுனேன்” என்றார். “இத ஏம்மா ஜூன்லயே சொல்லல?” என்று கேட்டேன். “நீங்க யாரும் கேக்கலயே சார்” என்றார்.

சத்தத்தைக் குறைக்க உங்களிடம் கட்டை இருக்கிறது. காலத்தை ஓடவைக்கக் கட்டை இருக்கிறதா? இல்லை என்றால், அதை நீங்கள் செய்யவில்லை.

எனவே திருத்தம் உண்மைதான். செப்டம்பர் இதழில் போடுகிறேன். “எரியவில்லை” என்பதை மட்டும் எடுத்துவிட்டு, “காலம் நிற்கவில்லை” என்று எழுதுகிறேன். வருங்காலப் பட்டியல்களில் காலத்துக்கும் மதிப்பெண் உண்டு. நடுவர்களில் யாருடைய பிள்ளையும் பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

மிக்ஸர் விஷயம் நமக்குள் இருக்கட்டும். அச்சில் வந்தால் உங்கள் தொழில் கெடும். அதனால் யாருக்கும் பயன் இல்லை.

சிவராம்


திருப்போரூர்
17-8-2024

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நமக்குள் இருக்கட்டும் என்று எப்படி எழுதினீர்கள்? என் தொழிலைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். நீங்கள் பத்திரிகையைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கீர்த்தனாவிடம் சொல்லிவிட்டேன். கோடவுனில் வயர் சுற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

“இன்னா வேல பண்ணி வச்சிருக்க ஆயா! அவன் வாயில துணிய அடச்சிருக்க நீ!”

“உனக்காகத்தாண்டி.”

“எனக்காகன்னு சொல்லாத. எனக்கு வேணும்னு நான் கேட்டனா? அந்தாளாச்சும் தெரியாம எழுதுனாரு. நீ தெரிஞ்சே பண்ணிருக்க.”

சுற்றின வயரை அப்படியே போட்டுவிட்டு மாமல்லபுரத்துக்குப் போய் அபிஷேக்கிடம் தானே சொல்லிவிட்டாள். மறுநாள் அவன் வந்தான். சண்டைக்குத்தான் வந்தான், நானும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவன் கத்தவில்லை. “ஆயா, அன்னிக்கு விரல் வெடிக்கிற மாதிரி அடிச்சேன். எவனும் திரும்பிப் பாக்கல. என் கையிலதான் கோளாறு, நான் அவ்ளோதான்னு நெனச்சிகினு மூணு வாரம் கிதாரையே தொடல” என்றான். ஆறாம் இடத்தில் இருக்கிற பையன்.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. அதை அவர்கள் இருவருக்கும் படித்துக் காட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றிருபத்து நான்கு என்று வந்தபோது அவன் தலையைச் சொறிந்தான். “நான் ஓடறது எனக்கே தெரியல கீர்த்தி” என்றான். “தெரியாதுடா. நான் இருந்தா புடிச்சிகினே இருப்பேன், அதான் உனக்குத் தெரியாது” என்றாள் இவள். அவன் “வந்துரு” என்றான். தரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான், அதையும் கவனித்தேன்.

அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். “வரேன். ஆனா ஆயா பண்ணது ஆயா பேர்லயே அச்சுல வரணும். இல்லாங்காட்டி நாளைக்கு எவனாச்சும், ஆயா மிக்ஸர்ல தில்லுமுல்லு பண்ணி பேத்திய உள்ள நொழச்சாளாம்னு சொல்லுவான். அத வச்சிகினு என்னால மேடைல நிக்க முடியாது.” இனிமேல் அவர்களுக்குச் செட் போடுவது வேறு ஆள். அதையும் அவளே முடிவு செய்துவிட்டாள். திருப்போரூரில் என்னைவிட நல்ல செட் எவனிடம் இருக்கிறது என்று கேட்டேன். கிதார்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் போவதில்லை.

ஆகவே உங்கள் திருத்தத்துக்குக் கீழே, இடைவெளி விடாமல், இதைப் போடுங்கள். பயன் இல்லை என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்.

“ஜூலை 21 அன்று திருவிடந்தையில் கல்லலை குழு வாசித்தபோது, இரண்டாம் பாட்டிலிருந்து அபிஷேக்கின் கிதார் சத்தத்தை வேண்டுமென்றே குறைத்தவள் நான். அன்றைக்கு வந்தவர்களுக்கு அவன் வாசிப்பு சரியாகக் கேட்காமல் போனதற்கு நான்தான் காரணம், அவன் கை அல்ல. கீர்த்தனாவுக்கு இது அன்றைக்குத் தெரியாது.

காலம் தப்பியது வேறு விஷயம். அது நான் கட்டையைத் தொடுவதற்கு முன்பே, முதல் பாட்டிலேயே தப்பிவிட்டது. ஆசிரியர் அதைக் கேட்டிருக்கிறார். ஷாரோன் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்த விடுதியில் எல்லோரையும்விட நன்றாகக் கேட்டிருக்க வேண்டியவள் நான். காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. என் பேத்தி இல்லாத இடத்தில் என்ன இல்லை என்று கேட்காமல், அவளில்லாத மேடையில் கைதட்டு வாங்குகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெ. பர்வதம், பர்வதம் சவுண்ட் சர்வீஸ், திருப்போரூர்.”